கடலோரத்தில் பிரசவம் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு

நர்சிங் சேரப் போகிறேன் என்று வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் ஒன்றைக் கேட்பேன். பிரசவ அறையில் நின்று குழந்தையைக் கையில் ஏந்த ஆசையா, ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைக் கவனிக்க ஆசையா? இரண்டுமே தாய் சேய் வேலைதான். ஆனால் தமிழ்நாட்டில் இன்றைக்கு இரண்டுக்கும் படிப்பு வேறு, பதவி வேறு, பத்து வருஷம் கழித்துப் போய்ச் சேரும் இடமும் வேறு. இதை விசாரிக்காமல், பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துச் சேர்ந்த பிள்ளைகள் எங்கள் கடற்கரையில் நிறையப் பேர். அடுத்து வருகிறவர்களாவது விவரம் தெரிந்து வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் ஒரு கடலோர ஊர் எனக்கு. அம்மா கடல்பாசி எடுக்கப் போனவர். நான் ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பை முடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, இப்போது இதே மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். என் பெரியம்மா கிராம சுகாதார செவிலியராக, அதாவது வி.எச்.என். ஆக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் வி.எச்.என். என்றால் பிரசவம் பார்க்கிறவர் என்றே அர்த்தம். துணை சுகாதார நிலையத்திலும் பார்ப்பார், ராத்திரி யாராவது வந்து கதவைத் தட்டினால் அரிக்கேன் விளக்கோடு வீட்டுக்கும் போவார். இன்றைக்கு அந்த நிலை இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடந்திருக்கின்றன. அது பெரிய நன்மை. அதே சமயம், பெரியம்மா செய்த வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஊரைத் தெரிந்தவர் ஒருவர், பிரசவம் பார்க்கிறவர் இன்னொருவர் என்று ஆகிவிட்டது. இந்த வேலையில் மேலே வர நினைக்கிறவர் எந்தப் பக்கம் நின்றாலும் மறு பக்கத்தை விட்டுவிடக் கூடாது. நான் சொல்லப் போவது முழுக்க இதைச் சுற்றித்தான்.

எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும்

பிளஸ் டூ முடித்து 2 ஆண்டு ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்புப் படித்தால் கிராம சுகாதார செவிலியர் வேலைக்குப் போகலாம். துணை சுகாதார நிலையம் ஒன்றுக்கு ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட ஊர்கள் உங்கள் பொறுப்பு. கர்ப்பம் என்று தெரிந்த உடனே பிக்மி என்ற அரசின் இணையப் பதிவில் பதிந்து, அந்தத் தாய்க்கான 12 இலக்க ஆர்.சி.எச். எண் எடுத்துக் கொடுப்பது, ரத்த அளவும் பி.பி.யும் பார்ப்பது, தடுப்பூசி, இரும்புச் சத்து மாத்திரை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தவணைகள், பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, குடும்ப நலம், எல்லாம் உங்கள் தலையில். பதவி உயர்வு பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர், மாவட்ட தாய் சேய் நல அலுவலர் என்று மேலே போகும். சமுதாய சுகாதார செவிலியர் ஆகிவிட்டால் ஒரு வட்டாரம் முழுவதும் உங்கள் கண்காணிப்பில் வந்துவிடும். ஊர் ஊராகப் போய் மனுஷரோடு பழகுவதில் சலிப்பில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஆனால் பிரசவம் உங்கள் கையில் நடப்பது அபூர்வம். அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

பிரசவ அறைதான் வேண்டும் என்றால் 3 ஆண்டு ஜி.என்.எம். அல்லது 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். இருபத்துநான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் முறை வைத்து வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ்கள்தான் அங்கே சுகப்பிரசவம் பார்ப்பவர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்து வரும் பெண்ணை முதலில் தொடுவது நீங்கள்தான். படித்து முடித்ததும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிய வேண்டும். அதில் ஆர்.என்., ஆர்.எம். என்று இரண்டு இருக்கும். ஆர்.என். என்பது செவிலியர் என்பதற்கான பதிவு. ஆர்.எம். என்பது நீங்கள் பிரசவம் பார்க்கத் தகுதி பெற்றவர் என்பதற்கான பதிவு. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நாம் எம்.ஆர்.பி. என்று சொல்கிறோமே, அதுதான் ஆள் எடுக்கிறது. ஸ்டாஃப் நர்ஸுக்குத் தொகுப்பூதியத்தில் தொடங்கி, காலமுறை ஊதியத்துக்கு வர ஆண்டுகள் ஆகலாம். இதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். வேலை கிடைத்த மறு வருஷமே வீடு கட்டலாம் என்று கணக்குப் போட்டு ஏமாந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதத்தில் நர்ஸ், ஒரு வருஷத்தில் நர்ஸ் என்று வரும் எந்தப் படிப்பும் உங்களைக் கவுன்சிலில் பதிய வைக்காது. பதிவு இல்லாவிட்டால் எம்.ஆர்.பி. இல்லை, வெளிநாடு இல்லை, சட்டப்படி பிரசவம் பார்க்கும் உரிமையும் இல்லை. தனியார் மருத்துவமனையில் குறைந்த சம்பளத்துக்கு வெள்ளைச் சேலை கட்டி நிற்கலாம், அவ்வளவுதான். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்கு இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் இரண்டின் அங்கீகாரமும் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று இணையதளத்தில் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் ஊர் வி.எச்.என்.னிடம் கேளுங்கள், பார்த்துச் சொல்வார். நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் அது.

ஏற்கெனவே ஏ.என்.எம். முடித்துப் பதிந்தவர்கள் ஜி.என்.எம். சேரலாம். ஜி.என்.எம். முடித்தவர்கள் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 ஆண்டு படிக்கலாம். கல்யாணம் ஆகிவிட்டது, பிள்ளை இருக்கிறது என்று கதவை நீங்களே சாத்திக்கொள்ள வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே புதிதாக ஒரு பாதை வந்திருக்கிறது. 2018 டிசம்பரில் மத்திய அரசு மிட்வைஃப்ரி, அதாவது பேறுகாலச் செவிலியச் சேவைக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்து, பிரசவம் பார்த்த அனுபவம் உள்ள செவிலியர்கள் 18 மாதம் படித்து 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃப்ரி' ஆகலாம் என்பது அதன் சாரம். என்.பி.எம். என்று சொல்கிறார்கள். அப்படித் தேறியவர்கள் பெரிய மருத்துவமனைக்குள்ளேயே, சிக்கல் இல்லாத பிரசவங்களைத் தாங்களே முன்னின்று நடத்தும் தனிப் பிரிவுகளில் வேலை பார்ப்பார்கள். தெலங்கானா இதில் நமக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. 2023இல் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃப்ரி ஆணையச் சட்டமும் வந்தது. தமிழ்நாட்டுக்கு இது எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்குப் போதும். அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8. அறுவை தேவைப்படும் பெண்ணுக்கு அது உயிர் காக்கும் மருத்துவம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. தேவைப்படாத பெண்ணுக்குப் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

முதல் போஸ்டிங்

எல்லாரும் வீட்டுக்குப் பக்கத்தில் கேட்பார்கள். நான் சொல்வது, பிரசவம் நடக்கும் இடத்தைக் கேளுங்கள். இப்போது பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ பிரசவம்தான். பெண்கள் நேராக மாவட்ட மருத்துவமனைக்கோ தனியாருக்கோ போய்விடுகிறார்கள். அங்கே வருஷக்கணக்கில் இருந்தால் பதிவேடு எழுதும் கை மட்டும்தான் பழகும். அப்படிப்பட்ட இடம் கிடைத்துவிட்டால் மருத்துவ அலுவலரிடம் பேசி, மாவட்டத் தலைமை மருத்துவமனைப் பிரசவ அறையில் பயிற்சிக்கு எழுதிக் கேளுங்கள். திறமையாகப் பிரசவம் பார்க்கக் கற்றுத்தரும் 21 நாள் எஸ்.பி.ஏ. பயிற்சி, பிறந்த குழந்தையின் மூச்சைத் தூண்டும் பயிற்சி, இரண்டையும், பட்டியலில் வரும்போது வரட்டும் என்று விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள்.

சொந்தமாக ஒரு நோட்டு வையுங்கள். அரசுப் பதிவேடு அரசுக்கு, இது உங்களுக்கு. தாயின் பெயர் வேண்டாம். வயது, எத்தனையாவது பிரசவம், எத்தனை வாரம், வலி எப்போது தொடங்கியது, கர்ப்பப்பை வாய் நான்கு சென்டிமீட்டரிலிருந்து பத்துக்கு விரிய எவ்வளவு நேரம், ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் குழந்தை பிறந்து ஒரு நிமிடத்துக்குள் போட்டீர்களா, தொப்புள் கொடியை எப்போது வெட்டினீர்கள், நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா, ரத்தம் எவ்வளவு, தையல் உண்டா, குழந்தையை எப்போது தாயின் மார்பில் வைத்தீர்கள். கடைசியில் இரண்டு வரி, நீங்கள் என்ன யோசித்தீர்கள் என்று. சேர்ந்து நடத்திய மூத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். என்.பி.எம். போன்ற படிப்புக்கு அனுபவம் கேட்கும்போது கையில் எடுத்துக் காட்ட அது இருக்கும். அதைவிட, ஒரு வருஷம் கழித்து அதைப் புரட்டினால் எந்தப் பெண்ணிடம் அவசரப்பட்டோம், எந்தப் பெண்ணிடம் சரியாகக் காத்திருந்தோம் என்பது தெரியும்.

ஷிஃப்டுக்குள் நுழைந்ததும் முதல் பத்து நிமிடம் டிரேக்கு. கடலுக்குப் போகுமுன் வலையை விரித்துப் பார்க்கிற மாதிரி. ஆக்சிடோசின் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, பகலில் கரன்ட் போயிருந்ததா, ஃபிட்ஸுக்கான மக்னீசியம் சல்ஃபேட் இருக்கிறதா, குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கின் மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தால் காற்று கசிகிறதா, வார்மர் சூடாகிறதா. முந்தின ஷிஃப்ட் பார்த்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சில்லாமல் பிறக்கும் குழந்தைக்கு முதல் ஒரு நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

அனுப்பும் முடிவு

எங்கள் பக்கத்தில் ஒரு நர்ஸின் திறமை எதில் தெரியும் என்று கேட்டால், எந்தத் தாயை எப்போது மேலே அனுப்புகிறார் என்பதில் என்பேன். இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் 55 கிலோமீட்டர் போல, நடுவில் பாம்பன் பாலம். சாயல்குடிப் பக்கத்திலிருந்தும் தொண்டிப் பக்கத்திலிருந்தும் வண்டி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிவிடும். 2022 ஜனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் சிக்கலான கேஸ் என்றாலே மதுரைதான். ஆனாலும் உங்கள் சுகாதார நிலையத்துக்கும், அவசர மகப்பேறு, சிசு சிகிச்சை தரும் சீமாங்க் மையத்துக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு மணி நேரம் அப்படியேதான் இருக்கிறது. அதைக் கணக்கில் வைத்து முடிவெடுக்க வேண்டியவர் டியூட்டியில் இருக்கும் நர்ஸ்.

பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கும் பார்ட்டோகிராஃப் படிவத்தில் எச்சரிக்கைக் கோடு, நடவடிக்கைக் கோடு என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம். ஆபரேஷன் தியேட்டர் பக்கத்திலேயே இருக்கும் மருத்துவமனை கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். அறுவை வசதி இல்லாத இடத்தில் முதல் கோட்டைத் தாண்டியதும் வண்டிக்குச் சொல்லிவிட வேண்டும். பி.பி. 140/90ஐத் தொட்டுத் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் அப்படித்தான். ஃபிட்ஸ் வந்த தாய்க்கும், வரும் போல் இருக்கும் தாய்க்கும் மக்னீசியம் சல்ஃபேட் முதல் டோஸ் போட்ட பிறகுதான் வண்டி ஏற்ற வேண்டும். குழந்தை பிறந்த பிறகு ரத்தம் 500 மில்லியைத் தாண்டுகிறது என்றால் துணியை எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாது. கர்ப்பப்பையைத் தேய்ப்பது, ஆக்சிடோசின், டிரனெக்சாமிக் அமிலம், சலைன், சிறுநீரை வடிப்பது, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், இன்னொரு கை 108க்குப் போன் போட வேண்டும்.

தாயை அனுப்பும் மருத்துவமனை டாக்டரிடம் போன் பேசுவதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. நான் என் ஜூனியர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொல்வேன்:

"மேடம், ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். இருபத்திரெண்டு வயசு, தலைப்பிரசவம், முப்பத்தெட்டு வாரம். பி.பி. 160/110, ஒரு மணி நேரமா தலைவலி, யூரின் ஆல்புமின் ரெண்டு பிளஸ். குழந்தை துடிப்பு 140. மூணு சென்டிமீட்டர். மக்னீசியம் முதல் டோஸ் பத்து நிமிஷம் முந்திப் போட்டாச்சு. 108 கிளம்புது, ஒரு மணி நேரத்துல அங்க வந்துரும். ரத்தம் பி பாசிட்டிவ், ஒரு யூனிட் ரெடி பண்ணச் சொல்லுங்க. கூட அம்மாவும் தம்பியும் வர்றாங்க."

இவ்வளவுதான். பயந்து இழுத்துப் பேசினால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு அவசரம் புரியாது. எண்களைச் சொன்னால் உங்கள் சொல்லுக்கு மதிப்பு வரும். "பாப்போம், கொஞ்ச நேரம் வச்சிருங்க" என்று பதில் வந்தால், அதையும் நேரம் போட்டு கேஸ் ஷீட்டில் எழுதி, அரை மணி நேரத்தில் மறுபடி பார்த்து மறுபடி கூப்பிடுங்கள். மரியாதை குறையாமல், விடாமல் கூப்பிடுவது உங்கள் கடமை. டாக்டர் சொல்லிவிட்டார் என்று பேசாமல் இருந்துவிட்டால் அந்தத் தாய்க்கு வேறு யாரும் இல்லை.

கடலையும் நாட்காட்டியையும் பார்த்து வேலை

பாடப் புத்தகத்தில் இதைச் சொல்லித் தர மாட்டார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேஸ்வரத்தில் லட்சக்கணக்கில் கூட்டம். பாலத்திலும் தங்கச்சிமடம் சாலையிலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். தீவில் வேலை பார்க்கும் செவிலியர் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே பட்டியலைப் பார்த்து, அந்த வாரத்தில் நாள் நெருங்கும் தாய்மாரில் முன்பு சிசேரியன் ஆனவர், பி.பி. உள்ளவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர் யார் யார் என்று குறித்து, நான்கைந்து நாள் முன்னதாகவே இராமநாதபுரத்தில் சேர்த்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் புயல் எச்சரிக்கைக்கும் இதே கணக்குதான். ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கும் அப்படியே.

பாசி எடுக்கப் போகும் பெண்கள் நீர் வத்தும் நேரத்தைப் பார்த்து விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள். வயிற்றில் ஏழு மாதம் இருந்தாலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறவர்கள் உண்டு. வீட்டில் சோறு வேண்டுமே. காலை பத்து மணிக்கு முகாம் போட்டால் அவர்கள் வர மாட்டார்கள். வரவில்லை என்று பதிவேட்டில் எழுதுவதில் என்ன பயன்? கடல் வத்தும் நாளும் நேரமும் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதைக் கேட்டு, அவர்கள் கரையேறும் நேரத்துக்கு பி.பி. மெஷினோடு போய் நில்லுங்கள். மீனவக் குடும்பங்கள் காற்று மாறும்போது வடகடலுக்கும் தென்கடலுக்கும் இடம் மாறுவதும் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகும் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பட்டியலில் இருக்கும் தாய் இன்னொருவர் எல்லையில் படுத்திருப்பார். ஆர்.சி.எச். எண்ணை வைத்து அந்த ஊர் வி.எச்.என்.னுக்கு ஒரு போன் போட்டுக் கையில் ஒப்படைத்துவிட வேண்டும். கைமாறும் அந்த இடத்தில்தான் தாய்மார் தவறிப் போகிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கணவர்களோடு பேசுவதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. மற்ற மாதங்களில் அவர் கடலில் இருக்கும்போது மனைவிக்கு வலி வந்தால் யார் முடிவெடுப்பது, யார் கூட வருவது, ரத்தம் கொடுக்க யார், மூத்த பிள்ளையை யார் பார்ப்பது என்று இப்போதே பெயர் எழுதி வாங்குங்கள். கையில் காசு குறைவான காலமும் இதுதான். சாப்பாட்டில் முதலில் குறைவது பெண்ணின் தட்டு. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே இறங்கிய தாய்மாரை இந்த மாதங்களில் கூடுதல் கவனமாகத் தேடுங்கள். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்களில் கர்ப்பிணி தண்ணீரை அளந்து குடிப்பார். சிறுநீரில் எரிச்சல் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டால்தான் சொல்வார்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கணவர் துபாயிலோ சவூதியிலோ இருப்பார். சிசேரியனுக்குச் சம்மதம் கேட்டால், "அவுகட்ட போன்ல கேட்டுட்டுச் சொல்றோம்" என்று காத்திருப்பார்கள். அங்கே அவர் வேலை நேரத்தில் போன் எடுக்க மாட்டார். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் உடம்புக்கு அந்தப் பெண்ணின் கையெழுத்தே போதும், இது சட்டம். ஆனால் அதைப் பிரசவ அறை வாசலில் வைத்துச் சொன்னால் சண்டையாகும். எட்டாம் மாதத்திலேயே உம்மாவையும் மாமியையும் உட்கார வைத்து, வீடியோ காலில் அவரையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். நோன்பு மாதத்தில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. அதை நாம் சொல்வதைவிட, ஊர் ஆலிமோ மதரஸா ராத்தாவோ சொன்னால் வீட்டில் எடுபடும். அவர்களிடம் நோன்புக்கு முன்பே போய்ப் பேசி வையுங்கள்.

மருத்துவச்சி பாட்டிமார் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். பிரசவம் பார்ப்பதில்லை, குழந்தையைக் குளிப்பாட்டவும் தாய்க்குப் பத்தியம் சொல்லவும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களை விரட்டாதீர்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை என்று சீனித் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் பழக்கத்தை நான் சத்தம் போட்டு நிறுத்தியதில்லை. வீட்டில் மூத்தவரை லேபர் ரூமுக்குள் கூப்பிட்டு, "நீங்களே பிள்ளையத் தூக்கி அம்மா நெஞ்சுல வைங்க ஆத்தா, சீம்பால்தான் முதல் சேனை" என்பேன். உரிமை அவர்களிடமே இருக்கும், குழந்தைக்கும் நல்லது போய்ச் சேரும். அரசு மருத்துவமனையில் பிரசவத் துணையாக ஒரு பெண் கூட இருக்கலாம். அந்த இடத்தைப் பயமுறுத்துகிறவருக்குக் கொடுக்காமல், கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கத் தெரிந்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்று முன்பே குடும்பத்திடம் சொல்லி வையுங்கள்.

பொறுப்பு உங்களிடம் வரும்போது

ஸ்டாஃப் நர்ஸாக இருந்து செவிலியர் கண்காணிப்பாளர் வரை பதவி உயர்வு உண்டு, அது பணிமூப்புப்படி வரும். ஆனால் பதவிக்கு முன்பே பொறுப்பு வந்துவிடும். பிரசவ அறைப் பொறுப்பு, மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த லக்‌ஷ்யா என்ற பிரசவ அறைத் தரச் சான்றிதழ் வேலை, புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி, இப்படி ஒவ்வொன்றாக. கூடுதல் சம்பளம் இல்லாத பொறுப்பு எதற்கு என்று சிலர் ஒதுங்குவார்கள். எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வார்டில் எது எங்கே இருக்க வேண்டும், யார் எந்த மேசைக்கு, திரை எங்கே கட்ட வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதோடு வருகிறது. எங்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை வந்ததும், வலி நேரத்தில் நடக்கவும் உட்காரவும் பெண்களை விட்டதும், "கத்தாதே" என்று யாரும் சொல்லக் கூடாது என்ற பழக்கம் வந்ததும் அப்படித்தான்.

தாய் இறப்புத் தணிக்கைக் கூட்டத்துக்கு ஒரு நாள் உங்களைக் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 97 என்பதைப் பார்த்தால் இது நல்ல நிலை. நல்ல நிலைக்கு வந்ததற்குக் காரணங்களில் ஒன்று, ஒவ்வொரு இறப்பையும் எடுத்து வைத்துப் பேசும் இந்தக் கூட்டம். பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். நேர வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு எது தெரிந்தது, யாருக்குச் சொன்னீர்கள், வண்டி எப்போது வந்தது, வழியில் எங்கே நின்றது. யார் மேலும் குற்றம் சாட்டாமல், எந்த இடத்தில் நேரம் போனது என்பதை மட்டும் காட்டுங்கள். கடைசியாக ஒரு கோரிக்கை வையுங்கள், ஒன்றே ஒன்று, செய்து முடிக்கக் கூடியதாக. பொத்தாம் பொதுவாகக் கேட்டால் குறித்துக்கொள்வதோடு சரி.

ஜூனியர்களுக்குக் கற்றுக் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். அவர்கள் கை கீழே இருக்கட்டும், உங்கள் கை மேலே இருக்கட்டும், தலை வரும்போது எவ்வளவு அழுத்தம் என்பது தோலுக்குத் தெரிய வேண்டும். வி.எச்.என்.களை லேபர் ரூமுக்குள் வரவேற்று ஒரு நாள் கூட நிற்க வையுங்கள். நீங்களும் மாதத்தில் ஒரு நாள் அவர்களோடு ஊருக்குள் போங்கள். எங்கள் வார்டில் கேஸ் ஷீட்டைப் பார்த்தவுடன் அந்தத் தாயின் வி.எச்.என். பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். குழந்தையோடு தாய் 102 ஊர்தியில் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த வி.எச்.என்.னுக்குப் போன் போகும். தையல் எப்படி இருக்கிறது, எந்த நாளில் பி.பி. பார்க்க வேண்டும், பால் கட்டியிருக்கிறதா என்று ஒரு நிமிடப் பேச்சு. பெரியம்மா தனியாளாகச் செய்த வேலையை இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேறு வழி இல்லை.

மேல்படிப்புக்கு, எம்.எஸ்சி. நர்சிங்கில் மகப்பேறு பிரிவு எடுத்தால் ஆசிரியர் வேலைக்குப் போகலாம். அதற்கு முன் சில வருஷமாவது பிரசவ அறையில் நின்றுவிட்டுப் போங்கள். மாணவிகளுக்கு அந்த வித்தியாசம் முதல் வகுப்பிலேயே தெரிந்துவிடும். வெளிநாடு போகிறவர்களுக்கு ஒன்று: இங்கிலாந்தில் செவிலியர் பதிவும் மிட்வைஃப் பதிவும் தனித்தனி. நர்ஸாகப் பதிந்து போனால் அங்கே பிரசவம் பார்க்க முடியாது. ஏஜென்டிடம் பணம் கொடுக்கும் முன் எந்தப் பதிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

என்.பி.எம். நினைப்பு உள்ளவர்கள் இப்போதே எடுத்து வைக்க வேண்டியவை: கவுன்சில் பதிவுச் சான்றிதழ் புதுப்பித்த நிலையில், எஸ்.பி.ஏ. பயிற்சிச் சான்று, பிரசவ அறையில் வேலை பார்த்த காலத்துக்கு மருத்துவ அலுவலரிடம் அனுபவச் சான்று, கையெழுத்தோடு அந்த நோட்டு. அனுபவச் சான்றை இடமாறுதல் ஆவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் மாறிப் போய்விட்டால் பிறகு அலைய வேண்டியிருக்கும்.